சொல் தேடும் வாய்பாடு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை விழாவில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது ஒரு பிழையைப் பற்றி. பிழை என்னுடையது. அது நிகழ்ந்த இடமும் இதே அவைதான். ஆகவே அதற்கான கணக்கை இங்கேயே ஒப்புவிப்பது முறை என்று கருதுகிறேன்.

இந்த மலரின் பிற்சேர்க்கையாகப் பத்தாண்டுக் கவிதைகளுக்கு ஒரு சொல்லடைவு தொகுக்கும் பணியை வட்டம் என்னிடம் ஒப்படைத்திருந்ததை அறிவீர்கள். எந்தச் சொல் எந்தக் கவிதையில் எத்தனையாம் அடியில் வருகிறது என்று காட்டும் பட்டியல் அது. முன்னாளில் புலவர்கள் ஏட்டைப் புரட்டித் துண்டுத்தாளில் குறித்துக் குறித்துச் செய்த வேலை. கவிதைகள் அனைத்தும் கோப்புகளாக என்னிடம் இருந்தமையால் தேடுவதற்கு ஒரு கருவியை அமர்த்திக்கொண்டேன். அந்த மிதப்பில், சென்ற ஆண்டு ஒரு திங்கட் கூட்டத்தில் எழுந்து நின்று, "பத்தாண்டுகளில் நம் கவிஞர் ஒருவர்கூடக் கொன்றையைப் பாடவில்லை" என்று அறிவித்தேன். அத்தோடு நின்றேனா? நகர வாழ்வு நம்மை மரங்களிலிருந்து பிரித்துவிட்டது பற்றி ஐந்து நிமிடம் விளக்கமும் அளித்தேன். சிலர் தலையசைத்தும் கேட்டனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். நம் வட்டத்தின் முதலாண்டில் அவர் படித்த கவிதையை, தாளில்லாமல், மெல்லச் சொன்னார். அதன் மூன்றாம் அடியிலேயே கொன்றை பூத்திருந்தது.

அவையில் எழுந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. பெரியவர் சிரிக்கவில்லை. "தம்பி, உம் கருவி இல்லையென்று சொல்லிற்றா, அல்லது ஒன்றும் சொல்லாதிருந்ததா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விதான் என்னை இவ்வேலைக்குள் இழுத்துவிட்டது. கருவியின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கருவிக்குக் கிரெப் என்று பெயர். படங்களோ பொத்தான்களோ இல்லாத வெறுந்திரையில் கட்டளையைத் தட்டச்சிட்டு ஏவவேண்டும். ஒரு சொல்லையும் ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால் அச்சொல் வரும் வரிகளை எல்லாம் வரிசையாகக் காட்டும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தோடு பிறந்தது. 1973-ல் யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றுவிட்டது. எழுதியவர் கென் தாம்சன். அவ்வியங்குதளத்தின் பதிப்பானில், 'கோப்பு முழுவதிலும் இவ்வாய்பாட்டுக்கு இசையும் வரிகளை அச்சிடு' என்று ஏவும் கட்டளைக்கான குறியெழுத்துகளே சேர்ந்து அப்பெயர் ஆயின.

அதன் பிறப்பைப் பற்றி ஒரு செய்தி நம்மைப் போன்றோர்க்கு உவப்பானது. அங்கே லீ மெக்மஹோன் என்பவர் 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787, 1788 ஆண்டுகளில், அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக ஹாமில்டன், மேடிசன், ஜே ஆகிய மூவர் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. அவற்றுள் பன்னிரண்டை எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்பது நெடுங்கால வழக்கு. மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இரு புள்ளியியல் அறிஞர்கள் 1964-ல் வெளியிட்ட நூலில், சிறு சொற்களை எண்ணியே அவ்வழக்கைத் தீர்க்க முயன்றனர். ஹாமில்டன் 'அப்பான்' என்ற சொல்லை அடிக்கடி ஆள்பவர், மேடிசன் அரிதாக ஆள்பவர். 'வைல்' என்று ஒருவர் எழுதும் இடத்தில் மற்றவர் 'வைல்ஸ்ட்' என்பார். பெரிய கருத்துகளை விட்டு இத்தகைய துகள்களைப் பார்த்து, அப்பன்னிரண்டும் மேடிசனுடையவை என்று முடிவு கூறினர். நம்மிடையே இரு ஔவையார், மூன்று ஔவையார் என்று நடக்கும் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மெக்மஹோனுக்கும் அக்கட்டுரைகளில் சொற்களைத் தேட வேண்டியிருந்தது. அந்நாளைய பதிப்பானோ அத்துணைப் பெரிய கோப்பை ஏற்க இயலாதது. தேடும் பகுதியைத் தனியே கழற்றித் தாம்சன் ஒரு கருவியாக்கித் தந்தார். ஓர் இரவில் முடித்தார் என்று சொல்வதுண்டு. ஆகக் கணிப்பொறிக்காரர்கள் நாள்தோறும் ஆயிரம் முறை ஏவும் இக்கருவி, ஒரு நூலாசிரியரைத் தேடிய தேடலில் வளர்ந்தது. இலக்கியக்காரர்கள் இதை அயலாகக் கருத வேண்டியதில்லை.

இனி வாய்பாடு. ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். நான் ஏன் வாய்பாடு என்கிறேன் என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. தேமா என்கிறோம், அது மாங்காயைக் குறிக்கவில்லை. நேரும் நேருமாய் வரும் சீர் எதுவாயினும் அதற்கு அது ஆள்பெயர். ஒரு சொல்லைச் சொல்லாமல் ஒரு சொற்கூட்டத்தின் வடிவைச் சொல்வது. ஸ்டீபன் கிளேனி என்னும் கணித அறிஞர் 1951-ல், நரம்பணுக்களின் வலையை ஆராய்ந்த ஓர் அறிக்கையில், இத்தகைய வடிவங்களைக் குறிக்க ஒரு முறை வகுத்தார். அது 1956-ல் அச்சேறியது. 'எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம்' என்பதற்கு அவர் இட்ட உடுக்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1968-ல் தாம்சன், அவ்வாய்பாட்டை ஒரு பொறியாக மாற்றி உரையைத் தேடும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆனால் அவருடைய கிரெப்பில் வாய்பாட்டின் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. 'இது அல்லது அது' என்று கேட்க முடியாது. அக்குறையை நீக்கியவர் அதே கூடத்து ஆல்பிரட் ஏஹோ. 1979-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அவருடைய ஈகிரெப் இருந்தது. கிளை பிரிக்கும் செங்குத்துக்கோடு, சேர்த்துக் கட்டும் பிறைவளைவு, 'ஒன்றேனும் வரவேண்டும்' என்னும் கூட்டல் குறி, 'வந்தாலும் வரலாம்' என்னும் வினாக்குறி ஆகியன அதில் அடங்கின. 1992-ன் பொதுத்தர விதிகளில் இவ்வகை, விரிவாக்கிய வாய்பாடு என்று தனிப்பெயர் பெற்றது.

இக்குறிகளின் ஆற்றலை நம் யாப்பிலேயே காட்டிவிடலாம். குறிலைக் 'கு' என்றும், நெடிலை 'நெ' என்றும், ஒற்றை 'ஒ' என்றும் வைத்துக்கொள்வோம். நிரையசை என்பது கு(கு|நெ)ஒ* ஆகும். குறிலை அடுத்துக் குறிலோ நெடிலோ, பின்னர் ஒற்று இருப்பின் இருக்கலாம். உடுக்குறிக்குப் பதில் வினாக்குறி போட்டால் என்ன? ஓர் ஒற்றோடு நின்றுவிடும். 'வாழ்க்கை'யில் நெடிலுக்குப்பின் ஈரொற்று வருகிறதே, நேரசைக்கும் அது பொருந்தாது. ஆகவே உடுக்குறிதான் சரி. நேரசையை முதலில் (கு|நெ)ஒ* என்று எழுதினேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. 'கருவி' என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். 'கரு, வி' என்று பிரித்துப் புளிமா என்றது. 'க, ருவி' என்று பிரித்துக் கூவிளம் என்றும் சொல்லிற்று! நான் எழுதிய வாய்பாடு இரண்டுக்கும் இடம் கொடுத்திருந்தது. தனிக்குறில் சீரின் முதலில் தானே நேரசையாகாது, ஒற்றடுத்தால்தான் ஆகும் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். சீரின் முதலில் நிற்கும் நேரை (நெஒ*|குஒ+) என்று திருத்தி எழுதிய பிறகே கருவி வழிக்கு வந்தது. கூட்டல் குறியின் அருமையை நான் உணர்ந்தது அன்றுதான். நம் யாப்பிலக்கண ஆசிரியர்கள் இந்த விலக்கை எவ்வளவு நுட்பமாக வகுத்திருக்கிறார்கள் என்பதை உணர்ந்ததும் அன்றுதான்.

கருவி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதையும் சில சொற்களில் கூறிவிடுகிறேன். கிளை பிரியும் இடத்தில், ஒரு வழியில் போய் முட்டினால் திரும்பி வந்து மறுவழியில் போவது ஒரு முறை. வழிகள் பெருகினால் அது திரும்பித் திரும்பியே களைத்துவிடும். தாம்சன் வகுத்தது வேறு. எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் ஒவ்வோர் ஆளை நிறுத்தி, ஓர் எழுத்தைப் படித்தவுடன் அனைவரையும் ஓரடி நகர்த்துவது. திரும்புதலே இல்லை. ஏஹோ, அந்த ஆட்கூட்டத்தின் ஒவ்வொரு நிலையையும் முன்கூட்டியே கணித்து ஓர் அட்டவணையாக்கினார். பிறகு எழுத்துக்கு ஓர் அட்டவணைப் பார்வை போதும். ஆயினும் சிக்கலான வாய்பாடுகளுக்கு அட்டவணை கட்டவே நெடுநேரமாயிற்று. அதன்மேல் அவர் ஒரு தந்திரம் செய்தார்: தேடும்போது எந்தக் கட்டம் தேவைப்படுகிறதோ அந்தக் கட்டத்தை மட்டும் அப்போது நிரப்புவது. பந்திக்கு எத்தனை பேர் வருவர் என்று தெரியாத வீட்டில் அனைவருக்கும் முன்பே இலை போடாமல், வந்தவர்க்கு வந்தவர்க்கு இலை போடுவது போல.

இனி என் கொன்றைக்கு வருகிறேன்.

வீடு திரும்பியதும் பெரியவரின் கவிதைக் கோப்பைத் திறந்தேன். கண்ணெதிரே கொன்றை இருந்தது. தேடினால் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லையே கோப்பிலிருந்து வெட்டியெடுத்துத் தேடியபோது கிடைத்தது! என் விசைப்பலகையில் அடித்த கொன்றையும் அவருடைய கொன்றையும் திரையில் ஒரே உருவம், உள்ளே வெவ்வேறு. யூனிகோடு என்னும் குறியேட்டில் 'கொ' என்பதை இரு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், எகரக்குறியாகிய ஒற்றைக்கொம்பு, பின்னர்க் கால் என்று மூன்றாக எழுதுவது மறுவிதம். இரண்டும் நிகர் என்றே அக்குறியேடு விதித்திருக்கிறது. நிகராக்கும் முறையும் வகுத்திருக்கிறது. ஆனால் கிரெப் அந்நிகரைப் பார்ப்பதில்லை. உள்ளதை உள்ளபடி ஒப்பிடும். நம் கவிதைகளுள் பல அச்சகத்துப் பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டுப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. அப்பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகத் தனித்தனியே நின்றன. மாற்றிய நிரல் அவற்றை ஒட்டாமலே விட்டுவிட்டது. பத்தாண்டுக் கொன்றைகள் அத்தனையும் அந்தப் பிளவில் விழுந்து மறைந்திருந்தன.

அன்று முதல், உள்ள கருவியை நம்பியிராமல், வட்டத்துக்கென்று ஒரு சிறு கருவியை அமைக்கத் தொடங்கினேன். வாய்பாட்டுப் பொறியை நான் புதிதாகச் செய்யவில்லை. அதில் ஏஹோவை வெல்ல என்னால் ஆகாது. உரை அப்பொறிக்குள் புகுமுன் என்ன ஆக வேண்டும், விடை வெளிவந்தபின் என்ன சொல்ல வேண்டும் என்ற இரண்டே என் வேலை. முதல் வேலை இரு வகைக் 'கொ'வையும் ஒன்றாக்குவது. அது எளிது. ஔவை எளிதாக இல்லை. நம்மவர் பாதிப் பேர் 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில், 'ஒ'வும் 'ள'வுமாக இரண்டெழுத்து அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, நிகராக்கும் விதியும் இதற்கில்லை. 'ஒள' என்று கண்ட இடமெல்லாம் 'ஔ' ஆக்கிவிடலாமென்றால் 'ஒளவியம்' திருந்தும், ஆனால் 'ஒளடதம்' என்றிருப்பதோடு 'ஒளி'யும் சேர்ந்து கெடாமல் பார்க்க வேண்டும். அதனால் கருவி தானே திருத்தாது. ஐயமுள்ள இடத்தைக் காட்டும், எழுதியவர் திருத்துவார் என்று வைத்தேன். கவிஞரின் எழுத்தில் கருவி கைவைப்பது எனக்கு உடன்பாடன்று.

அடுத்தது, எழுத்து என்றால் எது என்ற கேள்வி. வாய்பாட்டில் ஒரு புள்ளி, 'ஏதேனும் ஓரெழுத்து' என்று பொருள்படும். 'தமிழ்' என்பதில் நமக்கு மூன்றெழுத்து. கிரெப் ஐந்து புள்ளி கேட்கும். ஏனெனில் த, ம, இகரக்குறி, ழ, மேற்புள்ளி என்று அதற்குக் குறியீடுகள் ஐந்து. மொழி அமைப்பைச் சரியாகச் சொல்லாமல் விட்டால் பதினைந்து புள்ளி கேட்கும். ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுவதால். (இச்சேமிப்பு முறையை 1992-ல் வகுத்த இருவருள் ஒருவர் அதே கென் தாம்சன், மற்றவர் ராப் பைக். ஒருவரே தேடும் கருவியையும் தந்து, உலக மொழிகள் அனைத்தும் அதில் புகும் வழியையும் திறந்தார்.) நம் இலக்கணம் 247 எழுத்துக் கணக்கிட்டது, குறியேடு உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளவில்லை. இதன் விளைவைக் கேளுங்கள். கிளி, துளி இரண்டையும் ஒருங்கே தேட விரும்பி, சதுர வளைவுக்குள் [கிது]ளி என்று எழுதினேன். சதுர வளைவுக்கு 'இவற்றுள் ஏதேனும் ஒன்று' என்று பொருள். புளியும் தளிரும் மிளிர்வதும் வந்து குவிந்தன. கருவி 'கி', 'து' என்று படிக்கவில்லை. க, இகரக்குறி, த, உகரக்குறி என நான்காகப் படித்தது. ஏஹோவின் கிளைக்கோட்டைக் கொண்டு (கி|து)ளி என்று எழுதினால் சரியாக வருகிறது. ஆங்கிலத்துக்கு ஒரு வசதியாக இருந்த அந்தக் கோடு தமிழுக்குக் கட்டாயமாகிவிடுகிறது.

ஆகவே என் கருவியில் புள்ளி என்பது நம் எழுத்தையே குறிக்கும். தமிழுக்கு மூன்று புள்ளி. இதை முடித்த மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது.

எட்டாம் நாள் 'நூல்' என்று தேடினேன். 'நூல்கள்' கிடைத்தது. 'நூலில்', 'நூலை', 'நூலகம்' எவையும் கிடைக்கவில்லை. புள்ளி பெற்ற லகரம் உயிரேறியவுடன் புள்ளியை இழந்துவிடுகிறதே! எழுத்தால் பார்த்தால் 'ல்' வேறு, 'லி' வேறு. ஒலியால் பார்த்தால் லகரமெய் அங்கேயே இருக்கிறது. அதன்மேல் இகரம் ஏறியிருக்கிறது. இதை நம் இலக்கணிகள் உடல் என்றும் உயிர் என்றும் பிரித்துச் சொன்னது வெறும் உவமையாகவே எனக்கு அதுவரை தோன்றியிருந்தது. அதையே நிரலாக்கினேன். உரையையும் வாய்பாட்டையும் மெய்யும் உயிருமாகப் பிரித்துத் தேடி, கண்ட வரியைப் பழைய வடிவிலேயே காட்டுவது. நூல் உடனே தன் வேற்றுமைகளோடு வந்தது. புணர்ச்சியில் ஈறு திரியும் சொற்களுக்கு இது போதாது. மரம் என்பது மரத்தை, மரங்கள் என்றாகும். அங்கே மர(ம்|த்த்|ங்க்) என்று தேடுபவரே கிளை விரிக்க வேண்டும். (இப்பிரிப்பில் 'த்த்' என்றும் 'ங்க்' என்றும் நிறுத்தினால்தான் பின்வரும் உயிர் எதுவாயினும் ஏறும்.) இலக்கணம் அறிந்தவர்க்கு இது சுமையன்று, வட்டத்தில் இதை என்னைவிட விரைவாக எழுதிக்காட்டியவர், திரையையே தொட்டறியாத நம் இலக்கண ஆசிரியை அம்மையார்.

ஆனால் பிரித்துத் தேடுவதில் பதரும் வரும். 'அரசு' என்று கேட்டால் 'தமிழரசு' கிடைக்கிறது, அது வேண்டும். 'பரசுராமன்' என்பதும் கிடைக்கிறது. அவன் கையிலிருப்பது கோடரி. 'கல்' என்றால் கலையும் கலமும் கலகமும் வந்து நிற்கின்றன. வலையின் கண்ணை நெருக்கினால் வேண்டிய மீன் வெளியே நிற்கிறது. பிணைத்த இடத்தைத் தளர்த்தினால் பாசியும் சேறும் ஏறுகின்றன. நெடுநாள் யோசித்து, இரு பார்வையையும் கருவியில் வைத்துவிட்டேன். கட்டளையோடு ஒரு குறி சேர்த்தால் எழுத்துப்பார்வை, சேர்க்காவிட்டால் ஒலிப்பார்வை. குறி சேர்க்காதவர்க்குப் பதர் மிகுதியாகக் கிடைப்பதே மேல் என்பது என் முடிவு. பதரைக் கண்ணால் புடைத்துவிடலாம். வராத நெல்லை எப்படிப் புடைப்பது? அதுவும் என்னைப் போல் ஒருவர் அதைவைத்து ஐந்து நிமிடம் பேசவும் துணிந்துவிட்டால்?

எதுகைக்காகவும் ஒரு வழி செய்யுமாறு இளைஞர்கள் கேட்டனர். அதில் இரு முட்டுக்கட்டைகள். கிரெப்புக்கு உலகமே ஒரு வரி. பதிப்பானின் பிள்ளையாதலால் ஒரு வரியைப் படிக்கும், விடை சொல்லும், மறந்துவிடும். அடியெதுகையோ இரு அடிகளுக்கு இடையில் இருப்பது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு அடிகளை ஒட்டிக் கொடுக்கும்படி செய்தேன். மற்றது, 'முன்னே இரண்டாமெழுத்தாக எது வந்ததோ அதுவே மீண்டும் வரவேண்டும்' என்ற நினைவு. சில கருவிகளில் அதற்கு எண்குறி உண்டு. ஆனால் விரிவாக்கிய வாய்பாட்டின் பொதுத்தரத்தில் அது இல்லை, ஏஹோவின் அட்டவணை முறைக்கும் அது ஒத்துவராது. வழி இல்லையோ என்று சோர்ந்திருந்தபோதுதான் நம் நெடுங்கணக்கு கைகொடுத்தது. எழுத்துகள் எண்ணி முடிபவை. ககரத்துக்கு ஒரு கிளை, காகாரத்துக்கு ஒரு கிளை என்று 247 கிளைகளையும் கருவியே எழுதிக்கொள்ளட்டும். முதலெழுத்து இரண்டடியிலும் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவொத்து வருவதற்காக அதை இரட்டிக்கட்டும். மனிதன் எழுதினால் பக்கம் பக்கமாகப் போகும் வாய்பாடு. தேவைப்பட்ட கட்டத்தை மட்டும் நிரப்பும் ஏஹோவின் தந்திரம் இருப்பதால் கருவி திணறவில்லை. மோனைக்கு இன எழுத்துகளைச் சேர்த்தால் அதுவும் நடக்கும், இன்னும் எழுதவில்லை.

இறுதியாகப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கிரெப், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றுமே சொல்லாது. வெறுந்திரை. ஆயினும் உள்ளே அது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. கண்டால் 0, காணாவிட்டால் 1, தேடவே இயலாமல் இடர்ப்பட்டால் 2. இந்த எண்ணை நிரல்கள் பார்க்கும், மனிதர் பார்ப்பதில்லை. நான் அன்று பார்த்தது வெறுந்திரையை. அந்த எண்ணைப் பார்த்திருந்தாலும் 1 என்றே இருந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் கருவிக்குத் தெரிந்த கொன்றை அங்கே உண்மையாகவே இல்லை. ஆகவே என் கருவி, ஏதும் கிடைக்காதபோது பேசும்படி அமைத்திருக்கிறேன். எத்தனை கோப்புகளைத் திறந்தது, எத்தனை அடிகளைப் படித்தது, எந்தப் பார்வையில் தேடியது, பழைய எழுத்துருவில் இருப்பதால் படிக்க இயலாத கோப்புகள் யாவை என்று நான்கு வரிகள் வரும். 'இல்லை' என்ற சொல்லை மட்டும் அது அச்சிடாது. 'கண்டிலேன்' என்றுதான் அச்சிடும். நண்பர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த நான்காம் வரியில் இன்னமும் சில கோப்புகளின் பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் அச்சகத்தில் நேரே அடிக்கக் கொடுத்தவை. அவற்றை எழுதியவர்கள் கைப்படியோ அச்சுப்படியோ தந்தால் அடுத்த பதிப்புக்குள் சேர்த்துவிடலாம். மலரில் வரும் சொல்லடைவின் முகப்பில் அக்கவிதைகளின் பெயர்களை விடுபட்டவை என்று தனியே கொடுத்திருக்கிறேன்.

கொன்றை இப்போது அடைவில் இருக்கிறது. ஏழு இடங்கள். பெரியவருடையது முதலில். சரக்கொன்றை என்று இரண்டு, கொன்றைப்பூ என்று ஒன்று, வெறுங்கொன்றை மூன்று. ஏழாவது, பள்ளி நாட்களைப் பற்றிய ஒரு கவிதையில் வரும் 'கொன்றை வேந்தன்'. அது மரமா, நூற்பெயரா, கொன்றை சூடிய இறைவனா, எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தொகுப்புக் குழுவில் ஒரு மாலை முழுவதும் வழக்காடினோம். பெரியவர் பூவில்தான் சேர்க்கவேண்டும் என்கிறார். ஆசிரியை அம்மையார் நூற்பெயர் வரிசைக்குத்தான் போகவேண்டும் என்கிறார். அச்சுக்கு நாள் நெருங்கிவிட்டமையால் இரண்டிடத்திலும் கொடுத்திருக்கிறேன்.